பலகைக்கு அடியில் திராட்சை

சமர்கந்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே குளிர்காலத்தில் தேநீர், கோப்பையிலிருந்து வாய்க்குப் போவதற்குள் உறைந்துவிடும். நம்பாதவர்கள் வந்து குடித்துப் பார்க்கலாம். அதனால்தான் குளிருக்கு முன்பே திராட்சைக் கொடிகளைப் பந்தலிலிருந்து இறக்கி, தரையில் படுக்க வைத்து, மண்ணால் மூடிவிடுவோம். வசந்தம் வந்ததும் தோண்டி எழுப்புவோம்.

நான் மருமகளாக வரப்போகிறேன் என்றதும் என் மாமனார் எர்காஷ், வீட்டின் முன்னால் திறந்து கிடந்த தாழ்வாரத்தை அறையாக்கினார். சுவர், கண்ணாடி ஜன்னல், பலகைத் தரை. அறை பெரிதாக இருக்கட்டும் என்று முற்றத்திலும் நான்கடி தள்ளிச் சுவர் வைத்தார்.

அந்த நான்கடிக்குள்தான் கொடி தூங்கிக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் ஞாபகமில்லை.

கல்யாணம் முடிந்த மறுவாரம் வசந்தம் வந்தது; கொடிகளை எழுப்பத் தெருவே மண்வெட்டி எடுத்தது. மாமனாரும் எடுத்தார். முற்றத்தைப் பார்த்தார். அறையைப் பார்த்தார். மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"என் கொடி எங்கப்பா?" என்றாள் என் கணவரின் தங்கை பர்சினாய். அவள் பிறந்த வருஷம் அவளுக்கென்றே நட்ட கொடி அது.

"இந்நேரம் அழுகியிருக்கும்மா. வேற நட்டுடலாம்."

"வேற நட்டா அதுக்கு என் வயசு இருக்குமா?"

"அதுக்காக அண்ணி அறையை உடைக்கச் சொல்றியா? ஊரு சிரிக்கும்."

பர்சினாய் நேராக என் அறைக்கு வந்தாள். கம்பளத்தைச் சுருட்டினாள். தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்தாள்.

"என்ன கேக்குது?" என்றேன்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருந்தா கேக்கும் அண்ணி."

சுவரோரம் இரண்டு பலகைகளுக்கு நடுவே, எலிவால் போல வெளிறிய துளிர் ஒன்று எட்டிப் பார்த்தது. அவள் அதைத் தொடாமல் என்னைப் பார்த்தாள்.

"உங்க அறைதான். ஒரே ஒரு பலகை. எடுக்கட்டுமா?"

புதுமருமகள் அதிகம் பேசக் கூடாது. நான் பேசாமல் பலகையின் மறுமுனையைப் பிடித்து இழுத்தேன்.

உள்ளே ஒட்டகக் கழுத்துப் பருமனில் கொடி படுத்திருந்தது.

"வெளிய கொண்டுபோகச் சுவர்ல ஓட்டை போடணுமே," என்றேன்.

"எதுக்கு? ஜன்னலுக்கு மேல குட்டிக் கதவு இருக்கே."

மூலையில் கயிறு கட்டினாள். கொடியை அதில் ஏற்றி, குட்டிக் கதவு வழியாகப் பந்தலுக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை, எங்கள் வழக்கப்படி வீட்டில் எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொன்னேன். கடைசியில் மூலைக்குப் போய்க் கொடிக்கும் ஒரு வணக்கம் வைத்தேன்.

"அதுக்கு எதுக்கும்மா?" என்று கேட்டபடி பின்னால் வந்த மாமனார் அப்படியே நின்றுவிட்டார்.

"எனக்கு முன்னாடியே இந்த வீட்டுக்கு வந்ததாச்சே, மாமா."

அவர் கொடியை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். "குளிருக்கு அந்தக் கதவை எப்படிம்மா சாத்துவ?" என்று வாசலில் நின்ற மகளைக் கேட்டார்.

"அதுக்குள்ள கொடியை இறக்கி, பலகைக்கு அடியிலயே தூங்க வச்சிருவேன். மேல அண்ணி கதகதப்பா அடுப்பு வச்சிருப்பாங்க."

அந்தக் கோடையில் ஒவ்வொரு குலையும் ஓர் ஆட்டுக்குட்டி கனம். ஒன்று மட்டும் அறைக்குள், சாப்பாட்டு விரிப்புக்கு நேர்மேலே தொங்கியது. விருந்தாளிகளிடம் மாமனார் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "யோசிச்சுத்தான் கட்டினேன்."

பர்சினாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி முதல் பழத்தைப் பறித்தாள். பாதியைக் கடித்து, மீதியை எனக்குத் தந்தாள்.

எனக்கு இப்போது தலை முழுக்க நரை. அந்தப் பலகைக்கு இன்றுவரை நாங்கள் ஆணி அடிக்கவில்லை.