இறங்கிக்கொண்டிருந்த எண்

கால் தடுக்கினால் எல்லோரும் தரையில்தான் விழுவார்கள். இவரோ, திறந்து கிடந்த ஒரு நெஞ்சுக்குள் போயிருந்த மயிரிழைக் கம்பியைக் காலில் சுற்றிக்கொண்டு விழப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் இயந்திரம் பார்த்தவருக்கு, மாற்று ஆள் வராமல் தொடர்ந்து இரண்டாவது ஷிப்டில், இந்தப் பெருமையும் வாய்த்தது.

"என்னய்யா, டான்ஸா?" என்றார் சர்ஜன், குனிந்த தலை நிமிராமல்.

"ஷூ கொஞ்சம் பெரிசு சார்."

இயந்திரத்தின் பின்னால் கழன்றிருந்த கம்பியின் பிளக்கை அவசரமாகச் செருகினார். திரையில் எண் வந்தது. நாற்பத்தொன்று.

தடுக்குவதற்கு முன் அது இருபத்தொன்பது.

மேஜையில் படுத்திருந்தவர் ஒரு லாரி டிரைவர். அடைத்துப்போன ரத்தக் குழாய்களுக்கு மாற்றுவழி தைப்பதற்காக அவருடைய இதயத்தைக் குளிர்மருந்து விட்டு நிறுத்தியிருந்தார்கள். உடம்புக்கான ரத்தத்தைப் பம்ப் ஓட்டியது. நின்ற இதயத்தின் தசையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று ஓர் ஊசி சொல்லும், இவர் வாசிப்பார். இறங்க இறங்க மறுபடி மருந்து விடுவார்கள். பத்துக்குக் கீழே போனால் தசை சாக ஆரம்பிக்கும். காலையில் டிரைவரின் மனைவி இவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊசியப் பாத்துக்கறவர் நீங்கதானாமே? கண்ணசந்துடாதீங்கண்ணா" என்றிருந்தாள். "அசந்தா என் பொண்டாட்டியே விட மாட்டாம்மா" என்று சிரித்து வைத்தார்.

நின்ற இதயம் தானாகத் தேறாது. நாற்பத்தொன்று எங்கிருந்து வந்தது?

பம்ப் உருளைகள் ஈரத்துணியைப் பிழிவதுபோல் சளக் சளக்கென்று சுற்றின. தீய்ந்த சதையின் வாடையும் ஸ்பிரிட்டும் கலந்த குளிர் முழங்காலில் ஏறியது. மறுபடி மருந்து விட்டார்கள். குதித்திருக்க வேண்டிய எண் கல்லாட்டம் இருந்தது. அப்போதுதான் அவருக்கு ஒரு கொட்டாவி வந்தது, முகக்கவசம் கிழிகிற மாதிரி. எண் நாற்பத்துநாலுக்கு ஏறியது.

மூச்சைப் பிடித்துப் பார்த்தார். முப்பத்தெட்டு. விட்டு இழுத்தார். நாற்பத்திரண்டு. தூக்கம் கெட்டால் இயந்திரமும் கூடச் சேர்ந்து கொட்டாவி விடும்போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சிரிப்பு பாதியில் நின்றது.

"தங்கச்சி, ஊசி சரியா இருக்கா?" என்று பம்ப் ஓட்டுகிற பெண்ணிடம் மெல்லக் கேட்டார்.

"பம்ப் நல்லா ஓடுதுண்ணா."

"நான் ஊசியக் கேட்டேன்."

அவள் குமிழைத் திருகினாள்.

முப்பத்தொன்று. இருபத்திரண்டு. இப்போது எவ்வளவு ஆழமாக இழுத்தாலும் எண் ஏறவில்லை. இடது தோள் கனத்தது, தடுக்கியபோது இடித்திருக்கும். முதுகில் வியர்வை, இந்தக் குளிரில்.

"சார், பதினேழு."

"சரிய்யா."

"ஊசி தசையிலதானே இருக்கு சார்?"

"நீ உட்காருய்யா, ரெண்டு தையல்தான்."

பதினாலு. பன்னிரண்டு. வெளியே பெஞ்சில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருப்பாள். அவளிடம் என்ன சொல்வது? ஷூ பெரிசு என்றா?

ரத்தக் குழாயை இறுக்கியிருந்த கவ்வியை சர்ஜன் எடுத்தார். ரத்தம் பாய்ந்தது. வெளுத்துக் கிடந்த இதயம் சிவந்தது, ஒருமுறை நெளிந்தது, துடித்தது. அழகாக, சீராக. யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். பிழைத்துவிட்டார் டிரைவர்.

எண் ஒன்பது.

துடிக்கிறது. ஒன்பது. துடிக்கிறது. எட்டு.

"தங்கச்சி, சுத்தி வளைக்காம சொல்லு. என்ன நடக்குது?"

அவள் இந்தத் தடவை திரும்பினாள். "நீங்க தடுக்கினப்பவே ஊசி வெளிய வந்துடுச்சுண்ணா. கடிகாரத்தப் பாத்துதான் மருந்து விட்டோம். ரெண்டு ஷிப்ட் நின்ன மனுஷன், நடுங்குறாரு, அவர்பாட்டுக்கு வாசிக்கட்டும், சொல்ல வேணாம்னு சார்தான்…"

தட்டில் ஊசி கிடந்தது. அதன் வாலில் அறுந்த கம்பி, ஒரு விரல் நீளம்.

இயந்திரத்தில் செருகிய கம்பியைக் கையால் தொட்டார். அது மேஜைப் பக்கம் போகவில்லை. விரலால் தடவிக்கொண்டே வந்தார். நாற்காலிக் கை. தன் முழங்கை. பச்சை உடையின் கழுத்து. உள்ளே. விலா எலும்புகளுக்கு நடுவே, ரத்தமில்லாமல், வலியில்லாமல்.

மெல்ல இழுத்துப் பார்த்தார்.

உள்ளே ஏதோ கூடவே வந்தது.

சர்ஜன் நிமிர்ந்திருந்தார். எல்லோரும் நிமிர்ந்திருந்தார்கள். யாரும் திரையைப் பார்க்கவில்லை.

"அப்ப இது… இது யாரோடதும்மா?"

அவள் அவர் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"உங்களோடதுண்ணா. நாலு."