ஐந்து லென்ஸும் ஓர் அப்பாவும்

"ஐயையோ! அஞ்சு லென்ஸையுமா?"

வாலு போட்ட கூச்சலில் கேமரா கடைக்காரரின் கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது. வாலுவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

வாலுவின் அம்மா போட்டோகிராபர். கைக்குழந்தைகளைப் படம் எடுப்பதில் படு கெட்டிக்காரர். லென்ஸின் வளையத்தைக் கையால் மெல்லத் திருகித் திருகித்தான் படத்தைத் தெளிவாக்குவார். அது அவருடைய பழக்கம்.

ஆனால் ஒரு மாதமாக எடுத்த படமெல்லாம் மங்கல். நேற்று ஒருவர், "என்னங்க இது, எங்க பாப்பாவுக்கு மூக்கு எங்கே, வாய் எங்கேன்னே தெரியலையே!" என்று படத்தை மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா அதிர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார். அதனால்தான் புது கேமரா வாங்க அப்பாவையும் வாலுவையும் கூட்டிக்கொண்டு இன்று கடைக்கு வந்திருந்தார்.

"ரெண்டு வழி இருக்கும்மா," என்றார் கடைக்காரர். "இதே கம்பெனியில புது கேமரா வாங்கினா உங்க லென்ஸ் எல்லாம் பொருந்தும். ஆனா விலை எக்கச்சக்கம். வேற கம்பெனிக்கு மாறினா விலை கம்மி. ஆனா இந்த அஞ்சு லென்ஸும் அதுல மாட்டாது. எனக்கே கொடுத்துட்டுப் போங்க, விலையில கழிச்சுக்கறேன்."

"மாறிடறேன்," என்றார் அம்மா.

அப்போதுதான் வாலு அந்தக் கூச்சலைப் போட்டாள்.

கடைக்காரர் துணியை எடுத்துக்கொண்டு, குட்டையான லென்ஸ் ஒன்றைப் பெட்டிக்குள் வைக்கப் போனார். அதற்கு வாலு வைத்த பெயர் குண்டு. அது போனால் அம்மா பழைய மாதிரி படம் எடுப்பாரா?

"இருங்க மாமா! கடைசியா ஒரே ஒரு தடவை பார்த்துக்கறேன்."

அம்மாவின் கேமராவில் குண்டுவை மாட்டி அப்பாவைப் பார்த்தாள். வளையத்தை எப்படித் திருகினாலும் அப்பா மங்கல். அது மட்டுமா? உள்ளே தெரியும் குட்டிக் கட்டங்களும் மங்கல். மேசையில் இருந்த புது கேமராவுக்குள் எட்டிப் பார்த்தாள். அதில் கட்டங்கள் பளிச்சென்று இருந்தன.

"அம்மா, அப்பா கேமராவுக்கு வெளியில நிக்கறார், மங்கலாத் தெரியலாம். கட்டம் கேமராவுக்குள்ளேயேதானே இருக்கு? அது ஏன் மங்கலாத் தெரியணும்?"

"பழசாயிடுச்சு கண்ணு."

"கட்டம் எப்படிம்மா பழசாகும்?"

கடைக்காரர் கேமராவை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அட! கண்ணை வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னச் சக்கரம் இருக்கே, அவங்கவங்க பார்வைக்குத் தகுந்த மாதிரி வெச்சுக்கறது. இது மாறிப்போனா, லென்ஸைச் சரியாத் திருகினோமான்னே கண்ணுக்குத் தெரியாதே. இதை யாரு இப்படிக் கடைக்கோடி வரைக்கும் திருகி வெச்சது?"

"வாங்கின அன்னைக்கு சரி பண்ணி வெச்சது. அதுக்கப்புறம் நான் தொட்டதே இல்லையே!" என்ற அம்மாவின் பார்வை வாலு பக்கம் திரும்பியது.

"சத்தியமா நான் இல்லம்மா!"

அப்போது ஒரு செருமல் கேட்டது. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது வந்து... போன மாசம் கண்ணாடியைக் கழட்டிட்டு கேமராவுல பார்த்தேன். ஒண்ணுமே தெரியல. ஏதோ சக்கரம் இருந்துச்சு, திருகினேன். பளிச்சுன்னு ஆயிடுச்சு. நாமளே ரிப்பேர் பண்ணிட்டோம்னு வெச்சுட்டேன்."

"என்னங்க! ஒரு மாசமா நான் தலையைப் பிச்சுக்கறேன், நீங்க வாயே திறக்கலையே!"

"இதுதான் காரணம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வாலு கேமராவை அம்மாவிடம் கொடுத்தாள். "முதல்ல கட்டத்தைப் பாரும்மா. அது தெளிவாகிற வரைக்கும் சக்கரத்தைத் திருகு."

அம்மா திருகினார். சட்டென்று நிறுத்தினார்.

"தெரியுதுடி! கட்டம் கட்டமாத் தெரியுது!"

உடனே குண்டுவின் வளையத்தைத் திருகி, எதிரே நின்றவரை ஒரு கிளிக். திரையில் அப்பா! திறந்த வாய், ஏறிய புருவம், அசடு வழியும் முகம். கண் இமை ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. அம்மா வாலுவை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"கைக்கு வந்த வியாபாரத்தைக் கெடுத்துட்டியேம்மா!" என்று சிரித்தபடியே கடைக்காரர் லென்ஸ்களைத் திருப்பித் தந்தார்.

மறுநாள் அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு அம்மாவின் ஸ்டூடியோ வாசலில் தொங்கியது. குழந்தையோடு வருகிறவர்கள் எல்லோரும், "எங்க பாப்பாவையும் இதே மாதிரி தெளிவா எடுத்துக் கொடுங்க" என்று கேட்கிறார்கள். அப்பா மட்டும் பின்வாசல் வழியாகத்தான் வந்து போகிறார்.