வளைவிலிருந்து பதில் சொன்னவர்

யோங் பெங்கில் ரொட்டி சானாயை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில் குலுங்கிக் குலுங்கி வேன் அணையடிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. சின்ன அணை. அதன் காலடியில் பாசி பிடித்த சுவரோடு ஒரு சின்ன மின்நிலையம். பாசிர் கூடாங் கம்பெனியிலிருந்து வந்த மூன்று பேரும் இறங்கி முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள்.

"அட, இவ்ளோதானா?" என்றார் செபஸ்தியன். "நான் என்னமோ பெருசா நெனச்சேன். இது குளிக்கிற தொட்டி மாதிரில்ல இருக்கு."

செபஸ்தியன் அப்படித்தான். கப்பல் அடித்தட்டு, எண்ணெய் டாங்கி என்று இருட்டும் இரும்புமான இடங்களிலேயே வெல்டிங் வேலை பார்த்துத் தலை நரைத்தவர். பயம் என்பது அடுத்தவனுக்கு வருகிற வியாதி என்று நினைப்பவர். பயந்தவனைக் கண்டால் விடவே மாட்டார். டாங்கிக்குள் மூச்சு முட்டி ஓடிவந்த ஒருவனுக்குப் 'பால் போத்தல்' என்று பட்டப்பெயர் வைத்து ஓட்டு ஓட்டென்று ஓட்டியதில், அந்த ஆள் வேலையையே விட்டுப் போனான். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம்.

கூட வந்த கென்னத், அவருடைய தங்கை ஐலீனின் கணவன். சிங்கப்பூர் வேலை போய் வீட்டில் இருந்தவனை, ஐலீன் கெஞ்சியதால் செபஸ்தியன்தான் இந்த வேலைக்கு இழுத்துவந்தார். அடைத்த இடம் என்றாலே கென்னத்துக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். "அவருக்கு ஒண்ணுன்னா நான் செத்துருவேண்ணே" என்று ஐலீன் கண் கலங்கியபோது, செபஸ்தியன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "உன் புருஷன் கூப்பிட்ட குரலுக்கு நான் பக்கத்துல இருப்பேன். போதுமா?"

மூன்றாவது ஆள் சாந்தினி. உள்ளே யாராவது இறங்கினால் வாசலில் நின்று காவல் பார்ப்பது அவள் வேலை. எல்லாரும் அவளை ஜாகா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நிலையத்து ஆபரேட்டர் கனகராஜ் அவர்களைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போனார். படி இறங்க இறங்க வெயில் பின்னால் நின்றுவிட்டது. ஈரச் சுவர், மங்கலான ஒரு விளக்கு, கடகடவென்று ஓடும் ஒரு பம்பு. சுவரில் ஒரு இரும்புக் கதவு, ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு.

அதற்குப் பின்னால்தான் டிராஃப்ட் டியூப். டர்பைன் சக்கரத்தைச் சுற்றவைத்த தண்ணீர், வேலை முடிந்து வெளியே போகிற குழாய். மேலே குறுகலாகத் தொடங்கி, கீழே போகப் போக அகன்று, முழங்கை மாதிரி வளைந்து ஆற்றுப் பக்கம் வாய் திறக்கும். தண்ணீரைத் தள்ளுவதற்காகக் கட்டியது இல்லை அது. சக்கரத்திலிருந்து தண்ணீரைக் கீழே இழுப்பதற்காகக் கட்டியது. இப்போது ஆற்றுப் பக்கம் கேட்டை இறக்கி, தண்ணீரை வெளியே இறைத்திருந்தார்கள். என்ன இறைத்தாலும் வளைவுக்கு அப்பால் கசிவுத் தண்ணீர் ஆள் ஆழத்துக்கு நின்றுகொண்டே இருக்கும்.

"வளைவுக்கு அந்தப் பக்கம் போயிராதீங்க" என்றார் கனகராஜ். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் இன்னொண்ணு. உள்ள ரொம்பப் பேசாதீங்கண்ணே. அது கேட்டுக்கிட்டே இருக்கும்."

"எது?"

"அது தெரியலையே. இங்க செத்தவங்கன்னு யாரும் இல்ல. நானும் விசாரிச்சுப் பாத்துட்டேன்."

செபஸ்தியன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அலமாக்! கேக்கட்டுமே. என் பேச்சக் கேட்டா அதுக்கும் கொஞ்சம் புத்தி வரும்."

உள்ளே கன்னங்கரேல் என்றிருந்தது. சாந்தினி இழுத்துவிட்ட விளக்குகள் அந்த இருட்டில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஈர இரும்பின் வாடை, அதற்கு அடியில் அழுகிய மீன் வாடை, அதற்கும் அடியில் ஆற்றுச் சேற்றின் பழைய நாற்றம். கென்னத் ஏணியில் ஏறிச் சக்கரத்துக்கு அடியிலிருந்த பலகையில் நின்று, தண்ணீர் அரித்த குழிகளைத் தடவிப் பார்த்துக் குறி வைத்தான். செபஸ்தியன் கீழே, வளைவு தொடங்கும் இடத்தில், இரும்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வாசலிலிருந்து சாந்தினி பேர் சொல்லிக் கூப்பிடுவாள். உள்ளே இருப்பவர் 'ஆடா' என்று குரல் கொடுக்க வேண்டும். இருக்கிறேன் என்று மலாயில் சொல்வது. அதுதான் வழக்கம்.

செபஸ்தியன் ஆடாவோடு நிறுத்துவாரா? பால் போத்தல் கதையைச் சொன்னார். ஐலீன் சின்ன வயசில் கரப்பானுக்குப் பயந்து அலமாரி மேல் ஏறிய கதையைச் சொன்னார். ஒவ்வொரு கதைக்கும் அவரே சிரித்தார். சிரிப்பு வளைவுக்குள் போய்ச் சுற்றித் திரும்பி வந்தது. வரவேண்டிய நேரத்தைவிடச் சற்றுத் தாமதமாக வந்தது.

ஒருமுறை, அவர் சிரிக்காதபோதும் வந்தது.

சுத்தியல் நின்றது.

"மச்சான், சிரிச்சீங்களா?" மேலிருந்து கென்னத் கேட்டான்.

"வேல பாரு மாப்ளே" என்றார் செபஸ்தியன்.

அப்போதுதான் விளக்குகள் அணைந்தன. காற்று ஊதும் விசிறியும் முனகி முனகி அடங்கியது. "சுவிச்சு விழுந்துருச்சு, நான் மேல போய்ப் பாக்குறேன், அசையாதீங்க!" என்று சாந்தினி கத்துவதும், அவள் காலடி படியேறுவதும் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

இருட்டில், செபஸ்தியனின் கையை இன்னொரு கை பற்றியது.

சில்லென்ற கை. நெடுநேரம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். இறுக்கிப் பிடிக்கவில்லை, இழுக்கவில்லை. ரோட்டைக் கடக்கும்போது பிள்ளை பிடிக்குமே, அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றது.

செபஸ்தியன் ஓடினார்.

எங்கே மோதினார், எதில் விழுந்தார், ஒன்றும் தெரியாது. ஏணியில் இடித்துக்கொண்டு ஓடியபோது தலைக்கு மேலே கென்னத்தின் குரல் நடுங்கியது. "மச்சான்? நீங்களா? மச்சான், கை குடுங்க, எனக்கு ஒண்ணும் தெரியல!"

அவர் பதில் சொல்லவில்லை.

தலை குனிந்து வாசலைத் தாண்டி வெளியே விழுந்து, தவழ்ந்து, பம்புக்குப் பின்னால் போய் ஒடுங்கியபோதுதான் மூச்சே வந்தது. வாசலில் யாரும் இல்லை. சாந்தினி இன்னும் மேலேதான் இருந்தாள். அப்பாடா என்று தொடையில் கை வைத்தவர் திடுக்கிட்டார். கால்சட்டை நனைந்திருந்தது. குழாய்த் தண்ணீர் இல்லை. சூடாக இருந்தது.

ஐயோ, அந்த நிமிஷம் அவருக்கு வந்த வெட்கத்தை என்னவென்று சொல்வது! மகள் வயதுப் பெண் வந்து நிற்கப்போகிறாள். இவர் தோற்றம் இது. பயத்தைக்கூட மறந்துவிட்டார். உடம்பெல்லாம் கூசிப்போய் அப்படியே சுவருக்குள் புதைந்துவிட முடியாதா என்று பார்த்தார்.

விளக்கு வந்தது. விசிறி சுற்றியது. சாந்தினி தடதடவென்று இறங்கி வந்து வாசலில் குனிந்தாள்.

"கென்னத்!"

"ஆடா!" அழுகை கலந்த குரல்.

"செபஸ்தியன் அண்ணே!"

நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார் செபஸ்தியன். அதற்குள் உள்ளேயிருந்து, வளைவின் பக்கமிருந்து, பதில் வந்தது.

"ஆடா."

அவருடைய குரல்.

"பயமா இருக்காண்ணே?" என்றாள் சாந்தினி, கேலியாக.

"எனக்கா?" என்றது அது. அவருடைய சிரிப்பையே சிரித்தது. பிறகு, "மாப்ளே, நீ அங்க தனியா நிக்காத. எறங்கி என் பக்கம் வா."

"வர்றேன் மச்சான்" என்றான் கென்னத். ஏணி கிறீச்சிட்டது.

வளைவுக்கு அப்பால் ஆள் ஆழத் தண்ணீர். கென்னத்துக்கு நீச்சல் தெரியாது. செபஸ்தியன் வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டால் போதும். 'அது நானில்லை மாப்ளே, வெளியே வா!' அவ்வளவுதான்.

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்தில் கிடந்த ரப்பர் குழாயை எடுத்தார். மெதுவாகத் திருகினார். இடுப்பிலிருந்து கால்வரை தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டார். முழுக்க நனைந்துவிட்டால் எது எந்த ஈரம் என்று யாருக்குத் தெரியப்போகிறது? நனைந்த பிறகு போய்ச் சொல்லலாம். ஒரு நிமிஷம்தானே. பின்பக்கமும் நனைய வேண்டாமா? திரும்பி நின்று அங்கேயும் பீய்ச்சினார்.

அதற்குள் வாசலில் பேச்சுக் குரல் கேட்டது.

கென்னத் வெளியே வந்துகொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தாலும் சிரித்தான். ஒரு கையைப் பின்னால் நீட்டி, உள்ளேயிருந்து வரும் யாருடைய கையையோ பற்றியிருந்தான்.

"ரெண்டு பேரும் வந்தாச்சா? ஹாபிஸ், வேல முடிஞ்சுது!" என்று சாந்தினி கைதட்டினாள். "அண்ணே, என்னாண்ணே இப்படிச் சொட்டச் சொட்ட நனஞ்சிருக்கீங்க?"

பம்பு மறைத்தது. செபஸ்தியனுக்கு ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. அவருடைய ஆரஞ்சு நிற வேலை உடுப்பு. அவருடைய நரைத்த பிடரி.

"குறி வச்சதெல்லாம் சரியா இருக்கு" என்றது அந்த முதுகு. "வீட்டுக்குப் போலாம்."

இப்போதாவது எழுந்து நின்றிருக்கலாம். இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மனிதன் என்று தெரிந்திருக்காதா? ஆனால் எழுந்தால் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? நீங்கள் இங்கே எப்போது வந்தீர்கள், அண்ணே? கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். கனகராஜ் வந்து இரும்புக் கதவைச் சாத்தி நட்டுகளை முடுக்கும் சத்தம் கேட்டது. எல்லாரும் படியேறிப் போனார்கள்.

அவர் வெளியே வந்து பார்த்தபோது தரையில் ஈரத்தடங்கள் படியை நோக்கிப் போயிருந்தன. ஒன்று பூட்ஸ் தடம்.

மற்றது வெறுங்கால்.

யார் கண்ணிலும் படாமல் அவர் மேலே வருவதற்குள் வேன் போய்விட்டது. கைபேசியும் பையும் வேனோடு போயின. செம்பனைக் காட்டைத் தாண்டி நடந்தார். பழம் ஏற்றிய லோரிக்காரர் ஒருவர், "பின்னால ஏறிக்குங்க, சீட்டு நனஞ்சிரும்" என்று ஏற்றிக்கொண்டார். உடுப்புப் பையில் கிடந்த ஈரக் காசைக் கொடுத்து யோங் பெங்கில் பஸ் பிடித்தபோதும் கால்சட்டை காயவில்லை. அவ்வளவு வெயிலிலும் காயவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். சொல்லிவிட வேண்டியதுதான். மானம் போனால் போகட்டும். ஊரெல்லாம் சிரித்தால் சிரிக்கட்டும். தங்கை வீட்டுக்குள் என்ன நுழைந்திருக்கிறதோ, அதைவிட மானம் பெரிசா? 'மாப்ளே, இருட்டுல உன்ன விட்டுட்டு ஓடுனவன் நான்தான்.' உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் கண்ணில் நீர் முட்டியது.

பாசிர் கூடாங்கில் இறங்கியபோது தொழிற்சாலை பஸ்கள் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. தூறல் விழுந்தது. ஐலீன் வீட்டு முன்னறையில் விளக்கு எரிந்தது. செபஸ்தியன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னல் திறந்திருந்தது.

மேசையில் சோற்றிலும் மீன் கறியிலும் ஆவி பறந்தது. கென்னத் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரே, ஜன்னலுக்கு முதுகு காட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்கு அடியில் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தரையில் தேங்கியிருந்தது. யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"ஐலீன், மச்சான் மட்டும் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரலன்னா நான் பயத்துலயே செத்திருப்பேன்" என்றான் கென்னத். "அந்த இருட்டுல என்னைத் தாண்டி ஒண்ணு ஓடுச்சு. நான் கூப்பிட்டேன். கை குடுன்னு கெஞ்சினேன். அது நிக்கவே இல்ல."

"இயேசுவே!" என்று ஐலீன் சிலுவை போட்டுக்கொண்டாள். "என்னாது அது?"

"தெரியல. ஆனா மனுஷன் இல்ல. மனுஷனா இருந்தா ஒரு பதிலாச்சும் சொல்லியிருப்பான்."

கேட்டுக் கம்பி கிணுகிணுத்தது. செபஸ்தியன் அதைத் தள்ளிப் பார்த்தார்.

ஐலீன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். வாசல் விளக்கு அவர் முகத்தில் நேராக விழுந்தது. அவள் அந்த முகத்தையே நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவள் பார்வை கீழே இறங்கி, நனைந்த கால்சட்டையில் நின்றது. இரண்டு அடி பின்வாங்கினாள்.

"யாருங்க? யாரு வேணும் உங்களுக்கு?"

பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததையெல்லாம் சொல்ல வாய் திறந்தார். 'மாப்ளே' என்ற ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

"அண்ணே!" ஐலீன் உள்ளே பார்த்துக் கூவினாள். "அண்ணே, இங்க கொஞ்சம் வாங்க, கேட்டுப் பக்கத்துல யாரோ நிக்கிறாங்க!"

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"பயப்படாத ஐலீன்" என்றது செபஸ்தியனின் குரல். "நான் இருக்கேன்."

ஐலீன் பெருமூச்சு விட்டாள். கதவைச் சாத்தி, வாசல் விளக்கை அணைத்தாள்.