பதினொரு பூஜ்யம்

வெள்ளிக்கிழமை, மாலை 4.35.

பீர்மேட்டு எஸ்டேட் பாதையின் மூன்றாவது வளைவுக்கு வந்தால்தான் ஃபோனுக்கு உயிர் வரும். ஃபேக்டரி வேலை முடிந்து அந்த வளைவில் நின்ற முருகேஸ்வரிக்கு ஒரே ஒரு செய்தி வந்து விழுந்தது.

'உங்கள் பேரியல் பொருளாதார அசைன்மென்ட் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. உங்களுக்கு முன்பே பதிவேறிய வேறொரு மாணவரின் அசைன்மென்ட்டுடன் இது 96 சதவீதம் ஒத்துப்போகிறது (இரண்டு அட்டவணைகளும் இணைப்பில்). திங்கட்கிழமை காலை 11 மணிக்குப் பாலக்காட்டு மையத்தில் நேரில் விளக்கம் தரவும். உடன் ஒரு சக மாணவரை அழைத்து வரலாம். காப்பி என உறுதியானால் இரண்டு ஆண்டுகள் தேர்வெழுத முடியாது.'

மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அதுவேதான் எழுதியிருந்தது.

முருகேஸ்வரிக்கு இருபத்தாறு வயது. ஃபேக்டரியில் தற்காலிக வேலை. அம்மா குருவம்மாள் தேயிலைக் கொழுந்து எடுப்பவள், மே மாதம் ரிட்டயர் ஆகிறாள். குடும்பத்தில் ஒருவராவது நிரந்தர வேலையில் இல்லாவிட்டால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். எஸ்டேட் ஆபீஸில் ஒரு கிளார்க் இடம் காலியாக இருக்கிறது, அதற்கு டிகிரி வேண்டும். வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் படித்த அந்த டிகிரியில் அவளுக்குப் பாக்கி இந்த ஒரே பேப்பர்தான். பரீட்சை வருகிற புதன்கிழமை. இரண்டு ஆண்டு தடை என்றால் டிகிரியும் போச்சு, ஆபீஸ் வேலையும் போச்சு, வீடும் போச்சு.

அழுகை முட்டியது, அடக்கிக்கொண்டாள். அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. சிக்னல் போவதற்குள் சென்னியப்பனைக் கூப்பிட்டாள்.

சென்னியப்பன் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாற்பத்து நான்கு வயது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு வில்லேஜ் ஆபீஸில் ஃபீல்டு அசிஸ்டென்ட். இதே பேப்பரில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறையாக எழுதப் போகிறவர். வகுப்பின் வாட்ஸப் குழுவுக்கு அட்மின், ஏனென்றால் வேறு யாரும் அந்தத் தலைவலியை ஏற்கவில்லை. பணவீக்கம் ஏன் வருகிறது என்று கேட்டால் மனிதர் திருதிருவென்று விழிப்பார். ஆனால் பதினைந்து வருடமாக வருமானச் சான்றுக்கு விசாரணை போகிறவர். காரைப் பக்கத்து வீட்டில் நிறுத்திவிட்டு, கிழிந்த சட்டையோடு வாசலில் நிற்பவர்களை எத்தனை பார்த்திருப்பார். பொய் சொல்கிறவன் பெரிய கட்டத்தைக் கவனமாக நிரப்புவான், சின்னக் கட்டத்தில்தான் கோட்டை விடுவான் என்பது அவர் அனுபவத்தில் கற்ற பாடம்.

"அண்ணே, நான் காப்பி அடிக்கல."

"அது எனக்குத் தெரியுங் கண்ணு. நானும் நீயும் நம்பிக்கிட்டா ஆச்சா? அவங்க அனுப்புன காயிதத்தை எனக்குத் தள்ளிவுடு."

மாலை 5.10.

காகிதம் வந்தது. இரண்டு அட்டவணைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வலது பக்கம் முருகேஸ்வரியுடையது. இடது பக்கம் இன்னொரு மாணவருடையது, பெயரும் ஊரும் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தன.

அசைன்மென்ட் இதுதான். உங்கள் பகுதியில் இருபது பேரைக் கேளுங்கள். போன வாரம் எந்தெந்த நாள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று எழுதுங்கள். ஒரு மணி நேரமாவது செய்தவர் வேலையில் இருப்பவர். செய்யாமல் தேடுகிறவர் வேலையற்றவர். தேடவும் இல்லாதவர் கணக்கிலேயே இல்லை. இதை வைத்து வேலையின்மை விகிதம் சொல்லுங்கள்.

முருகேஸ்வரியின் அட்டவணையில் கொழுந்து எடுப்பவர்கள் பதினொருவர், ஃபேக்டரி ஆட்கள் நால்வர், ஜீப் ஓட்டுபவர்கள் இருவர், தையற்காரி ஒருத்தி, கடைசி இரண்டு வரிகளில் வேலை தேடுகிறவர்கள். கொழுந்து எடுப்பவர்களுக்குத் திங்கள் முதல் சனி வரை எட்டு எட்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை பூஜ்யம்.

இடது பக்க அட்டவணையில் கள் இறக்குபவர்கள் பதினொருவர், அரிசி மில் ஆட்கள் நால்வர், ஆட்டோ ஓட்டுபவர்கள் இருவர், தையற்காரி ஒருத்தி, வேலை தேடுகிறவர்கள் இருவர். வயதுகூட மாறவில்லை. மணிக்கணக்கு அத்தனையும் அச்சு அசல்.

இடது பக்கத்தது பதிவேறிய நேரம் போன ஞாயிறு காலை 9.10. வலது பக்கத்தது மறுநாள் திங்கள் மாலை 6.05. கம்ப்யூட்டர் கணக்கில் முந்தி வந்தவன் யோக்கியன், பிந்தி வந்தவள் திருடி.

"கண்ணு, இந்த அட்டவணையை யாராரு பாத்தாங்க?"

"நம்ம வகுப்பு ஆனக்கரை தமிழ்ப்ரியாவுக்கு போட்டோ அனுப்புனேன், கணக்கு சரியான்னு கேட்டு."

"எப்போ?"

"அதுக்கு முந்துன புதன்கிழம."

"வேற?"

"வேற யாருமே பாக்கலண்ணே."

"யாரு டைப் அடிச்சு ஏத்துனது?"

"டவுன்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்காருல்ல, பாண்டித்துரை அண்ணன். இங்க ஏதுண்ணே நெட்டு? லயத்துல எல்லாருமே அவர்ட்டதான் குடுப்போம். சனிக்கிழம சாயங்காலம் குடுத்தேன். நெட் படுத்துருச்சு, திங்கக்கிழம ஏத்துதேன்னாரு."

"அப்ப அவரு பாத்தாருல்ல?"

"அவரு டைப்தானண்ணே அடிச்சாரு."

சென்னியப்பன் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டார். ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை ஒரே கடையில் கொடுத்து வாங்குகிற ஜனங்கள் அவர் ஊரிலும் உண்டு. அந்தக் கடைக்காரருக்குக் கண் இருக்கிறது என்பதே அவர்களுக்கு நினைவிருக்காது.

சனிக்கிழமை, மதியம் 1.15.

தமிழ்ப்ரியாவும் மலைக்காரிதான், ஆனைக்கரையில் ஏலக்காய் தரம் பிரிக்கிற ஸ்டோரில் வேலை செய்கிறவள். சாப்பாட்டு நேரத்தில் ஃபோனை எடுத்தாள்.

"என்னையச் சந்தேகப்படுறீங்களாண்ணே?"

"ஆமாங் கண்ணு. உன்னையும்தான். அந்த போட்டோ இருக்குதா?"

"இருக்கு."

"அதுல எத்தனை பேரு?"

போட்டோவைத் திறந்தாள். வரிகளை எண்ணினாள்.

"பதினெட்டுண்ணே. இன்னும் ரெண்டு பேரப் பிடிக்கணும்னு சொன்னா."

"அதை அப்படியே எனக்கு அனுப்பு. கோவிச்சுக்காதே."

"கோவந்தான். அவளுக்கு நல்லது நடந்தாச் சரி," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 7.20.

வகுப்பில் முப்பத்தொரு பேர். கள் இறக்குகிற பக்கத்திலிருந்து படிப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் சென்னியப்பன். இன்னொருவன் பூபதிராஜா. தோப்பு இருக்கிறது, கார் இருக்கிறது, பேசி முடித்த பெண் வீட்டார் கேட்கிற டிகிரி மட்டும் இல்லை. சென்னியப்பன் டிவிஎஸ்ஸை அவன் தென்னந்தோப்பு ஓரமாக நிறுத்தினார்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமையும் வில்லேஜ் ஆபீசு ஓடுதுங்களா?" என்றான் பூபதிராஜா.

"சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்க. அசைன்மென்ட் முடிச்சாச்சுங்களா?"

"போன வாரமே ஏத்தியாச்சுங்க."

"இருவது பேரை எங்க புடிச்சீங்க?"

"இங்கயேதானுங்க. நம்ம தோட்டத்து ஆளுங்க."

தோப்பில் கள் இறக்குகிற ஈஸ்வரன் மரத்திலிருந்து இறங்கினான். இடுப்பில் அரிவாள், கையில் நுரைத்த கள் குடுவை. அவசர அவசரமாக அடுத்த மரத்துக்கு நடந்தான்.

"என்ன ஈஸ்வரா, பறக்கறே?"

"தங்கச்சிக்கு இன்னிக்கு முகூர்த்தமுங்க, வண்ணாமடையில. இன்னும் பன்னெண்டு மரம் கெடக்குது. பாளையைச் சீவிப்போட்டு ஓடோணும். சாயங்காலச் சீவலுக்குத் திரும்பி வரோணும்."

சென்னியப்பன் அவன் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பொன்னாத்தாள் கேட்டாள். "உங்க பரிச்சைக்குப் படிக்காம ஊர்வம்பு பாக்கறீங்களாக்கும்?"

"இதும் பாடந்தான்டி."

"ரெண்டு தடவ தோத்தவரு சொல்றாரு, கேட்டுக்கறேன்," என்றாள் பொன்னாத்தாள். சொன்னாலும், மூன்று பஸ் மாறி மாலையில் வந்து சேர்ந்த முருகேஸ்வரிக்குச் சுடச்சுடத் தோசை வார்த்துப் போட்டவள் அவள்தான்.

திங்கட்கிழமை, காலை 11.00.

பாலக்காட்டு மையத்தின் ஒருங்கிணைப்பாளர் ஏசுதாஸ், மலையாளம் கலந்த தமிழ் பேசுகிறவர், கெட்டவர் அல்ல. கம்ப்யூட்டர் சொன்னதை நம்புகிறவர், அவ்வளவுதான். சம்பந்தப்பட்ட இருவரையும் வரச் சொல்லியிருந்தார், தனித்தனி அறைகளில்.

"சென்னியப்பன், நிங்களா கூட வந்தது? வேலிக்கு ஓணான் சாட்சின்னு சொல்லுவாங்களே."

"ஓணானுக்கும் கண்ணு இருக்குதுங்க சார். இடது பக்கத்து அட்டவணையில ஞாயித்துக்கெழமைக் கட்டத்தைப் பாருங்க. கள் எறக்கறவங்க பதினொரு பேரு. பதினொரு பூஜ்யம்."

"ஞாயிறு லீவல்லே?"

"பக்கத்து ரூமுல பூபதிராஜா இருப்பாருங்க. அவரையே கேட்டுப்போடலாம்."

ஏசுதாஸ் பேனாவைக் கீழே வைத்தார். மறைத்த பெயரை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் எழுந்து போய்ப் பூபதிராஜாவை அழைத்து வந்தார்.

"பூபதி, ஒண்ணே ஒண்ணு," என்றார் சென்னியப்பன். "உங்க ஈஸ்வரன் ஞாயித்துக்கெழமை மரம் ஏறுவானுங்களா?"

"ஏறாம? ஒரு நாள் சீவாம உட்டாப் பாளை காஞ்சுபோயிருமுங்க. பொறகு கள்ளு ஊறாது. தீபாவளி, பொங்கல், எழவு, எதுக்கும் லீவு கெடையாதுங்க. நேத்துத் தங்கச்சி கல்யாணத்துக்கே சீவிப்போட்டுத்தான் போனான், நீங்களும் பாத்தீங்களே."

"காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா?"

"ஆமாங்க. வருசம் பூராவும்."

"அப்ப உங்க அட்டவணையில பதினொரு பேரும் ஞாயித்துக்கெழமை ஏன் ஊட்டுல உக்காந்திருந்தாங்க?"

பூபதிராஜா காகிதத்தை வாங்கிப் பார்த்தான். தான் கொடுத்த அட்டவணையை அவன் முதன்முதலாகப் படித்தது அப்போதுதான்.

"சார்," என்று ஏசுதாஸ் பக்கம் திரும்பினார் சென்னியப்பன். "எஸ்டேட்டுல ஞாயித்துக்கெழமை கொழுந்து எடுக்கறதில்லை. அங்க இந்தப் பூஜ்யம் நெசம். தோப்புல இது நடக்காத காரியம். அதனால அட்டவணை மலையிலதான் பொறந்தது, இந்தப் புள்ளையோட நோட்டுல. கொழுந்தைத் தூக்கிட்டுக் கள்ளைப் போட்டவன் கட்டத்தை மாத்தலை."

"அப்போ பூபதிராஜா காப்பி அடிச்சு."

"இல்லைங்க. இவரு பொறந்ததே தென்னை மரத்தடியில. தூக்கத்துல எழுதுனாலும் இந்தத் தப்பு இவருக்கு வராது. இதை எழுதுனவன், ஞாயித்துக்கெழமைன்னா ஊரு உலகமே லீவுன்னு நெனைக்கறவன். மலைக்காரன். கள்ளு எறக்கறதைக் கண்ணால பாக்காதவன்."

முருகேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மலையில இதைப் பாத்தவங்க ரெண்டே பேரு. தமிழ்ப்ரியாகிட்ட இருந்த போட்டோவுல பதினெட்டு வரிதானுங்க. தேதியோட இங்க இருக்குது. திருடுன அட்டவணையில இருவது வரி, வேலை தேடற ரெண்டு பேரும் அதே வயசுல, அதே வரிசையில. அந்தக் கடைசி ரெண்டு பேரையும் நீ எப்பக் கண்ணு புடிச்சே?"

"வெள்ளிக்கிழம சாயங்காலம்."

"சனிக்கிழமை அதை முழுசாக் கையில வாங்குனவரு ஒருத்தருதானுங்க. கம்ப்யூட்டர் கடை பாண்டித்துரை. பிந்தி வர்றதுதான் மாட்டும்னு அவருக்குத் தெரியும். அதனாலதான் இந்தப் புள்ளைக்கு நெட் இல்லைன்னு சொல்லிப்போட்டு, ஞாயித்துக்கெழமை காலைல அதே நெட்டுல பூபதியோடதை ஏத்துனாரு."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க பூபதி," என்று மெல்லச் சொல்லி முடித்தார் சென்னியப்பன்.

பூபதிராஜா ஃபோனை எடுத்து மேஜையில் வைத்தான். அசைன்மென்ட் செய்து தரப்படும் என்று யாரோ அனுப்பிய எண்ணைக் கூப்பிட்டிருக்கிறான். எந்த ஊர், அங்கே என்ன தொழில் என்று மட்டும் பாண்டித்துரை கேட்டிருக்கிறார். சனிக்கிழமை மாலை 7.40-க்கு அட்டவணை வந்திருக்கிறது. கூடவே ஒரு வரி, 'நானே ஏத்திருதேன் தம்பி, பாஸ்வேர்டு அனுப்புங்க.'

"யாருதுன்னு எனக்குத் தெரியாதுங்க," என்று முருகேஸ்வரியிடம் சொன்னான். "தப்புத்தானுங்க."

முருகேஸ்வரி அவனைப் பார்க்கவில்லை. "எங்கம்மாவோட பி.எஃப். காயிதமெல்லாம் அந்த ஆளுகிட்டதான் இருக்கு சார்," என்றாள். "அண்ணன், அண்ணன்னு கூப்பிட்டுட்டுத் திரிஞ்சேன். ஊருக்குப் போனதும் மொத வேலையா அத வாங்குதேன்."

ஏசுதாஸ் இடது பக்க அட்டவணையை ரத்து செய்தார். பூபதிராஜா இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்றார். கடைக்காரர் மேல் புகார் போகும் என்றார். பிறகு முருகேஸ்வரியிடம், "மோளு தைரியமாப் போய்ப் பரீட்சை எழுது. ஒண்ணும் இல்ல," என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"எழுத்துல குடுங்க சார்."

"எதுக்கு? சிஸ்டத்துல மாத்தியாச்சு."

"சிஸ்டத்துல இருந்ததாலதான் சார் நான் இங்க வந்து உக்காந்திருக்கேன். சீல் வச்சுக் குடுங்க."

சென்னியப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். ஏசுதாஸ் கடிதம் அடித்துக் கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்துக் கொடுத்தார்.

மதியம் 12.20.

மையத்தின் வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டாள். சிக்னல் கிடைக்கிற மேட்டுக் காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த குருவம்மாள் மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"எம்மா, நான் திருடலன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"நீ திருடலன்னு எனக்குத் தெரியாதாக்கும்? வீடு என்னாச்சு?"

முருகேஸ்வரிக்கு மூன்று நாளாக அடக்கியிருந்த அழுகை அப்போதுதான் வந்தது. துடைத்துக்கொண்டு பேசினாள்.

"புதன்கிழம பரிச்சைய எழுதிப் பாஸாயிட்டா வீடு நமக்குத்தாம்மா."

"அப்ப எழுது," என்று சொல்லிவிட்டு, குருவம்மாள் கொழுந்து எடுக்கப் போனாள்.