ஆள் இருக்கு

மெஷினை அணைத்து மேசைமேல் வைத்த பிறகும் இரண்டு தட்டு கேட்டது.

சூடு ஆறுகிற சத்தமாக இருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள். பன்னிரண்டு வருடமாகக் குனிந்த தலை நிமிராமல் பல் செட் செய்கிறவள். கழுத்து கல்லாகி, யாராவது கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்புவாள். "மகாராணி தலையைத் திருப்ப மாட்டாங்க" என்று கேலி பேசிக்கொண்டிருந்த கணவன், ஒருநாள் மனசு கேட்காமல் இந்தத் தட்டும் மெஷினை வாங்கி வந்தான். முனையில் ஒரு ரப்பர் பந்து. பொத்தானை அழுத்தினால் படபடவென்று அடிக்கும். ஒரே இடத்தில் அரை நிமிடத்துக்கு மேல் கூடாது, எலும்பின்மேல் வைக்கவே கூடாது என்று அட்டையில் போட்டிருந்தது. வலி விட்ட சுகத்தில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

மூன்றாம் வாரம் சீப்பு பட்டால்கூடக் கழுத்தில் தெரியவில்லை.

"இப்ப எப்படி இருக்கு?" என்றான் கணவன்.

"மரத்துப்போச்சுங்க. நல்லாத்தான் இருக்கு."

புதன்கிழமை வேலையிடத்தில் மெழுகும் ஸ்பிரிட்டும் மணக்கிற வழக்கமான காற்றில் வேறொரு வாடை கலந்தது. "அக்கா, என்னமோ தீயுது" என்றாள் பக்கத்து மேசைக்காரி. தீய்ந்தது அவளுடைய ஆள்காட்டி விரல்தான். மெழுகு உருக்கும் விளக்கின்மேல் எத்தனை நேரம் இருந்ததோ, மரத்த விரலுக்குத் தெரியவில்லை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பது கண்ணல்ல, விரல் நுனி. அது போனால் பிழைப்பும் போச்சு. அழ வேண்டிய விஷயம் என்று அவளுக்குப் புரிந்தது. அழுகைதான் வரவில்லை.

அவர்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உடைந்து ஏழு வருடம். "நாளைக்கு மாத்திடலாம்" என்று கணவன் சொன்ன நாளை இன்னும் வரவில்லை. அதனால் வீட்டில் ஓர் ஏற்பாடு. வெளியே ஒருவர் தட்டினால் உள்ளே இருப்பவர் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும்: ஆள் இருக்கு. மூன்று தட்டினால்: முடிந்தது, வெளியே வருகிறேன். மகள் பேச்சு வருவதற்கு முன்பே இதைப் பழகிக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் கணவன் மெஷினை அலமாரியில் வைத்துப் பூட்டினான். "இந்தச் சனியன் வேணாம். நான் கையால தட்டிப் பார்க்கிறேன், உணர்ச்சி திரும்புதான்னு."

அவள் கண்ணாடிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தாள். தரையில் மகள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெயில், தைல வாசனை, எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தம். கணவன் கையை மடக்கிப் பிடரியில் மெல்லத் தட்டினான்.

டொக்.

சதையில் தட்டிய ஓசை இல்லை. பலகையில் தட்டிய ஓசை.

டொக். டொக்.

மகள் தலை நிமிரவில்லை. "அப்பா, ஆள் இருக்காம்."

"நீங்கதானே தட்டினீங்க?" என்று அவள் கணவனைக் கேட்டாள்.

"ஒரு தடவைதான்மா தட்டினேன்." கண்ணாடியில் அவனுடைய இரண்டு கைகளும் காற்றில் நின்றன. அவள் கழுத்தை யாரும் தொடவில்லை.

அணைத்த மெஷின். அந்த இரண்டு தட்டு. தினமும் கேட்டிருக்கிறாள். தினமும் அது பதில் சொல்லியிருக்கிறது.

பயப்பட வேண்டும். பயம் எங்கோ தூரத்தில் இருந்தது. அவளுக்கு எட்டவில்லை.

டொக்.

மகளின் தூரிகை நின்றது.

டொக்.

குழாய்ச் சத்தமும் இல்லை.

டொக்.

குளியலறை வாசலில் எப்போதும் செய்கிற மாதிரி, கணவன் தன்னையறியாமல் ஓரடி விலகி வழி விட்டான். கண்ணாடியில் அவளுடைய சட்டைக் காலர் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது. கழுத்தில் அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.