இல்லாத அறிஞர்

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘அடிக்குறிப்பு’. டீ குடித்தால்கூட ஆதாரம் காட்டிவிட்டுத்தான் குடிப்பார். அப்பேர்ப்பட்டவர் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு நூலகத்துக்குள் நுழைந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

வகுப்பறைத் தொழில்நுட்பம் பற்றிய அவருடைய கட்டுரையில் ஓர் ஆதாரம் இடித்தது. ‘ஆள் இருப்பதைக் கருவி அறியும், கருவி பொய் சொல்லாது’ என்று பழைய அறிஞர் ஒருவர் எழுதியதாகப் போட்டிருந்தார். இதழாசிரியர் மாலைக்குள் அதன் நகலைக் கேட்டுவிட்டார். தராவிட்டால் கட்டுரை போச்சு. கூடவே துறைத்தலைவர் நாற்காலியும். அதற்கு மெத்தைகூட வாங்கி வைத்தாயிற்று.

சிக்கல் என்னவென்றால், அப்படி ஓர் அறிஞரே கிடையாது. முன்பொரு கட்டுரைக்கு மேற்கோள் போதாமல், இவரே பெற்றுப் பெயர் வைத்த பிள்ளை. அப்புறம் ஆளாளுக்கு, படிக்காமலே மேற்கோள் காட்டி, பிள்ளையை அப்பனைவிடப் பெரிய ஆளாக்கிவிட்டார்கள்.

“அந்தப் பேர்ல எதுவும் இல்ல சார்,” என்றார் நூலகர் அம்மா, கணினியிலிருந்து கண்ணெடுக்காமல். “கீழ பழைய இதழ்கள் இருக்கு, பாருங்க. லைட்டு தானா எரியும். ஆள் இல்லன்னா அணைஞ்சிரும்.”

“என் கட்டுரையே அதைப் பத்தித்தாம்மா.”

“அப்ப உங்களுக்கு நான் சொல்லணுமா?”

செத்துப்போன யாருடைய கட்டுரையாவது அகப்பட்டால், பெயர் மாறிவிட்டது என்று சமாளித்துவிடலாம். அந்த நம்பிக்கையில் நிலவறைக்கு இறங்கினார்.

ஈரக் காகித வாடை. இரும்பு அடுக்குகளுக்கிடையே அவர் நடக்க நடக்கத் தலைக்கு மேல் விளக்குகள் எரிந்தன. முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தன.

கடைசி வரிசையிலும் ஒரு விளக்கு எரிந்தது.

அவர் இன்னும் அங்கே போகவில்லை.

“யாரது?”

தாள் புரளும் சத்தம். எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். எலி இத்தனை நிதானமாகப் பக்கம் புரட்டுமா என்ற ஆராய்ச்சியில் அவர் இறங்கவில்லை.

வெளிச்சம் ஒரு வரிசை நெருங்கி வந்தது. பிறகு இன்னொன்று. இப்போது நடுவில் ஓர் அடுக்குதான் மிச்சம்.

அதன் இடைவெளி வழியே ஒரு பழைய இதழ் அவர் பக்கம் தள்ளப்பட்டது. விரித்தபடி. மேலே அந்த அறிஞரின் பெயர். கீழே இவர் இட்டுக்கட்டிய அதே வரி, எழுத்துப் பிசகாமல்.

ஓடிவிடத்தான் கால் துடித்தது. பாழாய்ப்போன கை நீண்டு அதை வாங்கிக்கொண்டது.

காகிதம் வெதுவெதுப்பாக இருந்தது. உடம்பைப் போல.

அவர் தலைக்கு மேலிருந்த விளக்கு அணைந்தது.

கையை வீசினார். குதித்தார்.

எரியவில்லை.

“சார், கிடைச்சுதா?” படிக்கட்டின் மேலிருந்து நூலகர் அம்மா.

வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

“கிடைச்சிருச்சும்மா,” என்றது அவருடைய குரல், அடுக்குக்கு அந்தப்பக்கம், வெளிச்சத்திலிருந்து.

“கீழ வேற யாராவது இருக்காங்களா? பூட்டணும்.”

“யாருமில்லம்மா.”

காலடிகள் படியேறின. மேலே பூட்டு விழுந்தது.

இப்போதெல்லாம் நிலவறை இருட்டில் தாள் புரளும் சத்தம் கேட்கிறதென்று நூலகர் அம்மா புகார் சொல்கிறார்.

“எலியா இருக்கும்மா,” என்கிறார் புதிய துறைத்தலைவர், மெத்தையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. “ஆள் இருந்தா லைட்டு எரியுமே.”