ஹாஜறாவின் முறை

ஹாஜறாவுக்கு வேர்க்கவில்லை.

காலையிலிருந்து நான்கு போத்தல் தண்ணீர் குடித்திருந்தாள். மீன் பொதி செய்யும் அந்தத் தகரக் கொட்டகையில் மற்ற எல்லாருடைய உடுப்பும் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அவள் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். காய்ந்து, சுரசுரவென்று, தொட்ட விரலைச் சுட்டது. பதினொரு மணி வரைக்கும் ஓடிய வேர்வை யாரோ குழாயைத் திருகி மூடியது போல நின்றிருந்தது. நல்லதுதானே என்றுதான் முதலில் நினைத்தாள்.

மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கி மூன்று கிழமை. சொறிக்கல்முனைப் பக்கத்து வயல்களைத் தாண்டி வரும்போதே ஈரமெல்லாம் உறிஞ்சப்பட்டு, அடுப்பு வாயிலிருந்து வருவது போல அது கொட்டகைக்குள் நுழைந்து, மீன் செதிலும் குளோரினும் டீசலும் கலந்த வாடையைக் கிளப்பிவிட்டுப் போனது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அதன் குளிர்ச்சி ஒரு துளி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கூரைத் தகரம் சூட்டில் விரிந்து டக், டக்கென்று முறிந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஆண்கள் ஜும்ஆவுக்குப் போய்விட்டார்கள். தொழுது, வீட்டில் சோறு தின்றுவிட்டு இரண்டு மணிக்குத்தான் வருவார்கள். முதலாளி கேற்றைச் சாத்திக்கொண்டு போகும்போது, "ரெண்டு மணிக்குக் கொழும்பு லொறி வந்திரும். அறக்குளா மீன் பெட்டி நாப்பதையும் கதவடிக்கு எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொட்டகையில் மிஞ்சியவர்கள் ஹாஜறாவும் கேதீஸ்வரியும். கேதீஸ்வரி பாண்டிருப்பிலிருந்து வருகிறவள். ஹாஜறாவைவிடப் பத்து வயது இளையவள். நான்கு வருடமாக இருவரும்தான் கூல்றூமுக்குள் மாறி மாறிப் போய் வந்தார்கள். கூல்றூம் என்பது கொட்டகையின் கடைசியில் இருக்கும் வெள்ளை அறை. மைனஸ் பதினெட்டில் நிற்கும். இரண்டு மாதமாக அதன் உள்பக்கக் கைபிடியில் ஐஸ் இறுகி, உள்ளிருந்து திறக்க முடியாமல் இருந்தது. கதவைத் திறந்து வைத்தால் குளிர் போய்விடும் என்று முதலாளி ஏசுவார். அதனால் ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் கதவடியில் இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே இருப்பவள் மூன்று தட்டுத் தட்டுவாள், உள்ளே இருப்பவள் மூன்று தட்டுத் திருப்பித் தட்டுவாள். அரை மணியானதும் கதவைத் திறந்துவிட வேண்டும்.

இப்போது ஹாஜறாவின் முறை.

அவள் தடித்த ஜக்கெற்றை எடுத்தபோது கேதீஸ்வரி அதைப் பறித்தாள்.

"ராத்தா, நீங்க இரிங்க. முகமெல்லாம் சிவந்து கிடக்கு. நான் போறன்."

"காலையிலயும் நீதானே புள்ள போன? விரலப் பாரு."

கேதீஸ்வரியின் விரல் நுனிகள் இன்னும் மெழுகு நிறத்திலேயே இருந்தன.

"அது சரியாப் போயிரும். தட்ட மட்டும் மறந்திராதீங்க."

"மறப்பனா? வேர்வையத் தொடச்சிட்டுப் போ."

கேதீஸ்வரி முந்தானையால் கழுத்தைத் துடைத்து, ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கனத்த கதவு சாத்திக்கொண்டது.

ஹாஜறா கதவடியில் கவிழ்த்திருந்த மீன் பெட்டியில் இருந்தாள். பத்து நிமிடத்தில் தட்டினாள். மூன்று. உள்ளிருந்து மூன்று வந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் காற்றில் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. நாக்கு மேல்வாயில் ஒட்டியது. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். முட்கள் ஒன்றாகவும் இரண்டாகவும் தெரிந்தன. கண்ணை ஒருமுறை மூடித் திறப்போம் என்று மூடினாள்.

திறந்தபோது ஒலிபெருக்கி அடங்கியிருந்தது. குத்பா முடிந்துவிட்டதா? தொழுகையும் முடிந்துவிட்டதா? பதறி எழும்பப் பார்த்தாள்.

"இரிங்க ராத்தா. நான் வந்திட்டன்."

கேதீஸ்வரி பக்கத்தில் பெட்டியில் இருந்தாள்.

"எப்ப வந்த? ஆரு கதவத் திறந்த?"

"நீங்கதானே."

கேதீஸ்வரி ஒரு கையை அவளுடைய பிடரியில் வைத்தாள். அப்படியொரு குளிர்ச்சி. கொதித்துக்கொண்டிருந்த மண்டைக்குள் அது மெல்ல இறங்கியது. ஹாஜறாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றாள். சொல் வாய்க்குள்ளேயே குழறியது. திறந்துவிட்டிருப்பேன், நினைவில்லாமல் திறந்துவிட்டிருப்பேன் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, அந்தக் கைக்குள் தலையைச் சாய்த்தாள்.

தட்டும் சத்தம் கேட்டது.

மூன்று.

"அது என்னகா?"

"தகரம். சூட்டுக்கு."

தகரந்தான். டக், டக்கென்று தலைக்கு மேலே முறிகிற தகரம். ஆனால் இது மேலேயிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மூன்று. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் நீளமான இடைவெளி, கையைத் தூக்கவே பாடுபடுகிறவர் தட்டுவது போல.

மேசையில் கேதீஸ்வரியின் போன் அடித்தது. கூல்றூமுக்குள் சார்ஜ் இறங்கிவிடும் என்று அவள் எப்போதும் அதை வெளியில்தான் வைத்துவிட்டுப் போவாள். திரையில் பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு சின்னப் பிள்ளையின் முகம்.

"உன்ட மகள் தர்மிகா எடுக்கிறா. போன எடு புள்ள."

கேதீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். போனையும் அந்தப் படத்தையும் நிதானமாகப் பார்த்தாள்.

"அது ஆரு?" என்றாள்.

போன் அடித்து ஓய்ந்தது.

ஹாஜறா மெல்லத் தலையைத் திருப்பினாள். கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயில் கேதீஸ்வரியின் முகத்தில் நேராகப் படிந்திருந்தது. புருவத்தில் வெள்ளையாகப் பனி. இமை மயிர்களில் பனி. இரும்பைத் தொட்டால் கை வெந்துபோகிற அந்த வெக்கையில் ஒரு பொட்டும் உருகவில்லை. அவள் இருந்த இடத்தில் ஈரம் இல்லை. கூல்றூமிலிருந்து வருகிறவர்களின் காலடியில் தேங்கும் தண்ணீர் இல்லை. ஜக்கெற்றும் இல்லை.

பின்னால் தட்டு. இரண்டு.

எழும்ப வேண்டும்.

கால் கேட்கவில்லை. பிடரியில் இருந்த கை இறுகியது. குளிர் எலும்புக்குள் போனது.

"திறக்காதீங்க ராத்தா. வெளிய சூடு."

தட்டு. ஒன்று.

பிறகு சுரண்டல். நகம். கதவின் அடிப்பக்கத்தில்.

ஹாஜறா பெட்டியிலிருந்து உருண்டு விழுந்தாள். சீமெந்துத் தரை கன்னத்தைச் சுட்டது. யா அல்லாஹ். தவழ்ந்தாள். கையும் கூடவே வந்தது. பிடரியை விடவில்லை. ஒரு முழம். இன்னும் ஒரு முழம். கைபிடி. வழுக்கியது. இரண்டு கையாலும் தொங்கினாள். முழுப் பாரத்தையும் போட்டாள்.

கதவு திறந்தது.

வெள்ளைப் பனிப்புகார் தரையோடு வழிந்து வந்தது. அதற்குள் கேதீஸ்வரி இருந்தாள். ஜக்கெற்றோடு, முழங்கால் மடித்து, கதவில் சாய்ந்திருந்த வாக்கிலேயே விறைத்து. தட்டுவதற்குத் தூக்கிய கை அப்படியே நின்றது. விரல் மூட்டுகளில் தோல் இல்லை. கண் திறந்திருந்தது. வாயிலிருந்து மூச்சுப் புகை வரவில்லை.

ஹாஜறா கத்தினாள். சத்தம் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

கேற்றடியில் லொறி ஹோர்ன் அடித்தது. சாரதி நல்லரெத்தினமும், தொழுகை முடிந்து வந்தவர்களும் ஓடி வந்தார்கள். யாரோ அவளை நிழலுக்கு இழுத்தார்கள். தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள்.

"உடம்பு கொள்ளியாக் கொதிக்குதடா!" என்றான் நல்லரெத்தினம். அவளுடைய தலையைத் தூக்கப் பிடரிக்குக் கை கொடுத்தவன் சட்டென்று கையை உதறி இழுத்தான். "இதென்ன இது... ஐசு."

ஹாஜறா அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் நான்கு பேர் கூல்றூமுக்குள்ளிருந்து கேதீஸ்வரியைத் தூக்கி வந்தார்கள். மடிந்த முழங்கால் நிமிரவில்லை. தூக்கிய கை இறங்கவில்லை. கதவடிப் பெட்டியை ஒட்டியே, யாரும் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்து போனார்கள்.

பெட்டியில் இருந்த கேதீஸ்வரி, தன்னைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கவில்லை. ஹாஜறாவையே பார்த்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஆள் இருக்க இடம் விட்டு, மெல்ல நகர்ந்து இருந்தாள்.